சிறு பெற்றோல் எஞ்சினின் நம்பகமும் பராமரிப்பும்: ‘ஏ’ வரிசை எஞ்சின் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

“பழைய எஞ்சின் உழைத்த மாதிரிப் புதியது உழைக்காது” என்னும் கூற்று எமது கராஜ்களிலும் வீட்டு முற்றங்களிலும் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருவதொன்றாகும். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியாவிலிருந்து வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளுட் சில இன்றும் வீதியிற் செல்வதைச் சுட்டிக்காட்டி இக்கூற்றுக்கு ஆதாரம் தேடுவர். ஆயின் அதே வண்டிகளுடன் உற்பத்தியாளர் வழங்கிய கைந்நூல்களை விரித்து நோக்குவோர்க்கு வேறொரு சித்திரமே தோன்றும். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றவேண்டும்; பிளக்குகளைக் கழற்றித் துப்புரவாக்கவேண்டும்; பொயின்ற் இடைவெளியையும் டப்பட் இடைவெளியையும் அளந்து திருத்தவேண்டும். இக்காலத்து எஞ்சின் எதுவும் தன் உரிமையாளரிடம் இத்துணை ஊழியத்தை வேண்டுவதில்லை. இடையறாத கவனிப்பை வேண்டிய ஒரு பொருள், உழைப்புக்கு உதாரணமாக மக்கள் நினைவில் நிலைத்தது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு நம்பகம் என்ற சொல்லின் பொருளை முதலில் வரையறுத்தல் அவசியமாகும். பொறியியலில், குறித்த நிலைமைகளில் குறித்த காலம்வரை ஒரு பொருள் பழுதின்றித் தொழிற்படுவதற்கான நிகழ்தகவே நம்பகம் எனப்படும். சுவீடன் நாட்டுப் பொறியியலாளரான வலோடி வைபுல், பொருள்கள் பழுதுறும் காலத்தைக் கணிப்பதற்கு இன்றும் பயன்படும் தமது புள்ளிவிபரப் பரம்பலை 1951 ஆம் ஆண்டிற் பிரசித்தமான ஒரு கட்டுரையில் விளக்கினார். இதற்கு வேறான இன்னோர் அளவுகோலும் உண்டு. பழுதுற்ற பொருள் எவ்வளவு விரைவில், எவ்வளவு செலவில், எத்தகையோரால் மீட்கப்படலாம் என்பதே அது. முன்னையது பொருள் உடையாமையைக் குறிக்கும். பின்னையது உடைந்தது எழுவதைக் குறிக்கும். மக்கள் வழக்கு இவ்விரண்டையும் பிரித்தறியாது ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லால் வழங்குகின்றது. நாம் போற்றும் பழைய எஞ்சின்களின் பெருமை பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதும், அதனை ஆக்கியோருள் தொழிற்சாலைப் பொறியியலாளருக்குச் சமமான பங்கு கராஜ் தொழிலாளருக்கும் உண்டு என்பதுமே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். பிரித்தானியாவில் 1951 முதல் 2000 வரை ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியான ‘ஏ’ வரிசை எஞ்சின் இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வரி வகுத்த வடிவம்

சிறிய பிரித்தானிய எஞ்சினின் வடிவத்தை முதலில் நிர்ணயித்தது பொறியியலன்று, வரிச்சட்டமே. 1920 ஆம் ஆண்டின் நிதிச்சட்டத்தின்படி, 1921 முதல் மோட்டார் வண்டிக்குக் குதிரைவலு ஒன்றுக்கு ஒரு பவுண் வீதம் வருடாந்த வரி விதிக்கப்பட்டது. இக் குதிரைவலு எஞ்சினின் உண்மையான வலுவன்று. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் அளந்து, அதன் வர்க்கத்தை உருளைகளின் எண்ணிக்கையாற் பெருக்கி, 2.5 ஆல் வகுத்துப் பெறும் ஓர் எண்ணே அது. பிஸ்டன் மேலுங் கீழும் செல்லும் தூரம், அதாவது அடிப்பு நீளம், இச்சூத்திரத்தில் இடம்பெறவில்லை. எனவே ஒடுங்கிய உருளையும் நீண்ட அடிப்பும் கொண்ட எஞ்சினை ஆக்குவதே வரியைக் குறைக்கும் வழியாயிற்று.

ஹேர்பேட் ஒஸ்ரின் 1922 இல் அறிமுகப்படுத்திய ‘ஒஸ்ரின் செவன்’ இச்சூழலின் சிறந்த விளைபொருளாகும். விரைவில் 747 கன சென்ரிமீற்றர் கொள்ளளவைப் பெற்ற அதன் நான்குருளை எஞ்சின் 2.2 அங்குல விட்டமும் 3 அங்குல அடிப்பும் உடையது. அதன் வளைதண்டு நெடுங்காலம் இரு முனைகளிலும் மட்டுமே தாங்கப்பட்டது. நடுவில் மூன்றாவது பேரிங் சேர்க்கப்பட்டது 1936 இலாகும். மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் குடும்பத்தை ஏற்றிச்சென்ற நடுத்தர வகுப்பினரை இவ்வண்டி கார் உரிமையாளராக்கியது. சம்பளத்துக்குச் சாரதி வைக்க இயலாத இவ்வுரிமையாளரே எஞ்சினையும் கவனிக்கவேண்டியவராயினர். சில ஆயிரம் மைல்களுக்கு ஒருமுறை உருளைத் தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவதும் வால்வுகளை அரைப்பதும் அக்காலத்து வார இறுதி வேலைகளாயிருந்தன. பேரிங் தேய்ந்தால் வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, கையாற் சுரண்டிப் பொருத்தும் கைவினைஞர் ஊர்தோறும் இருந்தனர்.

குதிரைவலு வரி 1947 இல் நீக்கப்பட்டது. ஆயின் அது வகுத்த வடிவம் உடனடியாக மறையவில்லை. அச்சட்டம் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின் தோன்றிய ‘ஏ’ வரிசை எஞ்சினின் அடிப்பு நீளமும் ஒஸ்ரின் செவனுக்குரிய அதே 3 அங்குலமாகவே அமைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

‘ஏ’ வரிசையின் தோற்றமும் திருத்தமும்

1951 ஒக்ரோபரில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் ஒஸ்ரின் நிறுவனம் ‘ஏ 30’ என்னும் சிறுவண்டியை அறிமுகஞ் செய்தது. இதற்கென ஆக்கப்பட்ட 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினே ‘ஏ’ வரிசையின் முதலுறுப்பாகும். பில் அப்பிள்பி, எரிக் பெயர்ஹாம் ஆகியோர் இதன் ஆக்கத்தில் முக்கிய பங்குகொண்டனர். உருளைத் தலையின் வடிவமைப்பில் ஹரி வெஸ்லேக் உதவினார். வார்ப்பிரும்பினாலான கட்டை, மூன்று பிரதான பேரிங்குகள், தள்ளுகோல்களால் இயக்கப்படும் மேல்வால்வுகள் ஆகியவை இதன் அமைப்பாகும். காபரேற்றரும் புகைக்குழாயும் ஒரு பக்கத்திலும், பிளக்குகளும் டிஸ்ரிபியூற்றரும் டைனமோவும் மறுபக்கத்திலும் வைக்கப்பட்டன. மின்னுறுப்புகள் வெப்பத்திலிருந்து விலகியிருக்கவும், திருத்துவோன் ஒரு பக்கத்தில் நின்றே அவற்றைக் கவனிக்கவும் இவ்வொழுங்கு வாய்ப்பளித்தது.

இவ்வெஞ்சினின் அமுக்கவிகிதம் 7.2 ஆகக் குறைவாக வைக்கப்பட்டதற்கு வரலாற்றுக் காரணமொன்று உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்திற் பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீட்டுக்கு உட்பட்டதுடன், கம்பனிகளின் தனித்தனிப் பெயர்கள் நீக்கப்பட்டு ‘பூல்’ எனப்பட்ட ஒரே தரமான தாழ்ந்த பெற்றோலே விற்கப்பட்டது. பங்கீடு 1950 இல் முடிவுற்ற போதிலும் ‘பூல்’ பெற்றோல் 1953 வரை நீடித்தது. இத்தகைய எரிபொருளைக் கூடுதலாக அமுக்கினால் அது உரிய நேரத்துக்கு முன் வெடித்து பிஸ்டனைத் தாக்கும். எனவே தாழ்ந்த எரிபொருளையும் பொறுத்துக்கொள்ளும் எஞ்சினை ஆக்குவது அன்றைய தேவையாயிற்று. அன்று இங்கிலாந்தின் வறுமை வகுத்த இப்பொறுமை நாற்பது ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்திற் பயன்பட்டமை பின்னர் நோக்கப்படும்.

ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் 1952 இல் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் ஆயின. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர், தன் பழைய பக்கவால்வு எஞ்சினை விடுத்து 1952 முதல் ‘ஏ’ வரிசை எஞ்சினைப் பெற்றது. ஆயின் 803 எஞ்சின் குறையற்றதாய் இருக்கவில்லை. வலுக்குறைந்த அவ்வெஞ்சினை ஓட்டுவோர் அடிக்கடி அதன் எல்லைவரை விரட்டினர். அதன் இணைகோற் பேரிங்குகள் இவ்விரட்டலைத் தாங்காது தேய்ந்தன. 1956 இல் வெளிவந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இவ்வனுபவத்தின் விடையாகும். அதன் வளைதண்டு வலுவாக்கப்பட்டது. ஈயமும் இண்டியமும் சேர்ந்த வன்மையான பேரிங்குகள் இடப்பட்டன. சுற்றோடும் எண்ணெய் முழுவதையும் வடிக்கும் வடிகட்டி சேர்க்கப்பட்டது. உழைப்புக்குப் பெயர்பெற்ற மொறிஸ் மைனர் என்று பலரும் கருதுவது இந்த 948 எஞ்சினையும், 1962 இல் வந்த 1098 எஞ்சினையும் உடைய வண்டிகளையே. இவ்வெஞ்சினின் நம்பகம் பிறவியில் வந்ததன்று என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்தும். பழுதுற்ற எஞ்சின்களைத் திறந்து பார்த்தோரின் அனுபவம் தொழிற்சாலையைச் சென்றடைந்தமையாலேயே அது ஈட்டப்பட்டது.

கைந்நூல் வகுத்த ஒழுங்கு

மைனர் வண்டியின் கைந்நூல் விதித்த பராமரிப்பு ஒழுங்கு, ஒவ்வொரு வேலைக்கும் பௌதிகக் காரணம் உடையதாகும். தொடுபொயின்ற் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடுகின்றது. திறக்கும்போதெல்லாம் அதன் உலோக முகம் சிறிது எரிகின்றது. அதனை உயர்த்தும் குதியும் தேய்கின்றது. எனவே 0.014 முதல் 0.016 அங்குலம்வரை இருக்கவேண்டிய இடைவெளி காலப்போக்கிற் குறைந்து, தீப்பொறியின் நேரமும் பிசகுகின்றது. வால்வுத் தண்டுக்கும் அதனை அழுத்தும் நெம்புக்கும் இடையே 0.012 அங்குல இடைவெளி வேண்டும். இடைவெளி மிகுந்தால் ஓசை பிறக்கும்; குறைந்தால் வால்வு முற்றாக மூடாது எரியும். ஓசையிடும் டப்பட்டைவிட ஓசையற்ற டப்பட்டே ஆபத்தானது என்று அனுபவமிக்க மெக்கானிக்மார் கூறுவதன் உட்பொருள் இதுவேயாகும்.

எட்டு வால்வுகளைத் திருத்துவதற்குக் கைந்நூல் காட்டிய முறை குறிப்பிடத்தக்கது. எட்டாவது வால்வு முற்றாகத் திறந்திருக்கும்போது முதலாவதைத் திருத்தவேண்டும். ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதைத் திருத்தவேண்டும். எப்பொழுதும் இரு எண்களின் கூட்டுத்தொகை ஒன்பதாக அமையும். எஞ்சினின் உட்சமச்சீரை ஒரு சிறு கணக்காக மாற்றி, படம் பார்க்கத் தெரியாதவரும் நினைவிற் கொள்ளத்தக்கதாக்கியது இவ்விதி. கைபிடியால் எஞ்சினைச் சுற்றும் ஒருவரும், பீலர் கேஜுடன் குனிந்து நிற்கும் ஒருவரும் இருந்தால் இவ்வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எண்ணெய் மாற்றத்தின் காரணம் இன்னும் ஆழமானது. உருளைத் தேய்மானத்துக்கு உராய்வே காரணமென முன்னர் கருதப்பட்டது. ஆயின், எஞ்சின் குளிர்ந்த நிலையில் இயங்கும்போது எரிவாயுவிலிருந்து ஒடுங்கும் நீரும் அமிலமுமே உருளைச் சுவரைப் பெரிதும் அரிக்கின்றன என்பதை 1930 களிற் பிரித்தானிய ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். இவ்வழுக்குகளைத் தாங்குவது எண்ணெயே. எண்ணெயைக் காலத்துக்குக் காலம் மாற்றுவதென்பது எஞ்சினின் அழுக்கை வெளியேற்றுவதாகும். குளிர்நாட்டின் இவ்விடர் எமது வெப்பநாட்டிற் குறைவெனினும், புழுதி என்னும் வேறோர் எதிரி இங்கு உண்டு. காற்று வடிகட்டியைக் கவனியாத வண்டியில் வீதிப்புழுதி அரத்தூள்போல் உருளைச் சுவரைத் தேய்க்கும்.

மீளக் கடைதல்

தேய்மானத்தைத் தடுக்க இயலாது; தாமதிக்க மட்டுமே இயலும். இதனை உற்பத்தியாளரும் ஏற்றுக்கொண்டிருந்தனர் என்பதற்கு அவர்கள் விற்ற உதிரிப்பாகங்களே சான்றாகும். வழமையான பிஸ்டனுடன், 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் பருத்த பிஸ்டன்களும் கிடைத்தன. அவ்வாறே வளைதண்டை அரைத்து மெலிவித்தபின் இடுவதற்கு அவ்வவ் அளவுக்குத் தடித்த பேரிங் ஓடுகளும் கிடைத்தன. உருளை தேய்ந்தால் அதனைச் சிறிது அகலக் கடைந்து பருத்த பிஸ்டனை இடலாம்; மீண்டும் தேய்ந்தால் மீண்டும் கடையலாம்; இறுதியில் உள்ளுறை ஒன்றை அழுத்திப் பழைய அளவுக்கே மீளலாம். அதாவது ஒரே வார்ப்புக் கட்டையில் நான்கைந்து வாழ்நாள்கள் அடங்கியிருந்தன. எஞ்சினைத் தாமே திருத்த விரும்பாதோர் பழையதைக் கொடுத்து, தொழிற்சாலையிற் புதுப்பிக்கப்பட்ட ‘கோல்ட் சீல்’ எஞ்சினைப் பெறும் ஏற்பாடும் பிரித்தானியாவில் இருந்தது.

இம்முறை மெக்கானிக்கின் தொழிலையும் மாற்றியமைத்தது. வெள்ளை உலோகத்தை வார்த்துச் சுரண்டிய கைவினைஞனுக்குப் பதிலாக, நுண்ணளவியைக் கொண்டு அளந்து உரிய எண்ணுடைய பேரிங்கைத் தெரியும் தொழிலாளி தோன்றினான். கைத்திறன் அழிந்தது எனச் சிலர் இதனைக் கருதலாம். உண்மையிற் கைத்திறன் அளவுத்திறனாக மாறியது. ஒரு கடைசற் பொறியும் ஒரு நுண்ணளவியும் இருந்த எந்த ஊரிலும் எஞ்சினுக்கு மறுவாழ்வளிப்பது இயல்வதாயிற்று. இதுவே இவ்வெஞ்சின் உலகெங்கும் உழைத்தமைக்கு முதன்மைக் காரணமெனலாம்.

மினியும் மாறிய நிலையும்

1956 இல் சுயெஸ் கால்வாய் நெருக்கடி ஏற்பட, பிரித்தானியாவில் அவ்வாண்டு டிசெம்பர் முதல் 1957 மே வரை மீண்டும் பெற்றோற் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. இச்சூழலிற் கூட்டுத்தாபனத் தலைவர் லெனாட் லோட், சிக்கனமான சிறுவண்டி ஒன்றை ஆக்கும் பொறுப்பை இசிகோனிஸிடம் ஒப்படைத்தார். 1959 ஓகஸ்ட்டில் மினி வெளிவந்தது. அதில் ‘ஏ’ வரிசை எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடன் குறுக்காக வைக்கப்பட்டு, பற்சக்கரப்பெட்டி எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைக்கப்பட்டது. இடம் மீதமாயிற்று. ஆயின் எஞ்சினுக்கும் பற்சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் பொதுவாயிற்று. பற்சக்கரங்கள் எண்ணெயை நசித்து அதன் பிசுக்குமையைக் கெடுத்தமையால், எண்ணெய் மாற்றுவதில் மைனர் உரிமையாளர் காட்டிய அசட்டையை மினி உரிமையாளர் காட்ட இயலவில்லை.

மினியின் இன்னொரு குறை மழையோடு வெளிப்பட்டது. பரீட்சார்த்த வண்டிகளில் முன்பக்கம் இருந்த காபரேற்றர் குளிர்காற்றில் உறைந்தமை முதலிய காரணங்களால் எஞ்சின் மறுபுறமாகத் திருப்பப்பட்டது. இதனால் டிஸ்ரிபியூற்றர் முன்னே வந்து, மழைநீர் பட்டு, வண்டிகள் வழியில் நின்றன. பின்னர் தடுப்புகள் இடப்பட்டன. முன்னர் மைனரில் எட்டுவதற்கு எளிதாக இருந்த அதே எஞ்சின் மினியிற் கையிடுவதற்கு அரிதாயிற்று. கைபிடியால் முடுக்கும் வாய்ப்பும் அற்றுப்போயிற்று. எஞ்சின் ஒன்றேயாயினும் அது வைக்கப்படும் இடத்துக்கேற்ப நம்பகம் வேறுபடும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

இதே காலப்பகுதியில் யப்பான் வேறொரு பாதையிற் சென்றது. நிசான் நிறுவனம் 1952 இல் ஒஸ்ரினுடன் உடன்படிக்கை செய்து, அதன் வண்டிகளை உரிமம்பெற்று உற்பத்தி செய்தது. 1957 இன் டற்சன் 210 வண்டியின் 988 கன சென்ரிமீற்றர் எஞ்சின், ஒஸ்ரினின் பெரிய எஞ்சினொன்றின் அடிப்பைக் குறுக்கிப் பெறப்பட்டதாகும். அமெரிக்கரான எட்வேட்ஸ் டெமிங் 1950 இல் யப்பானில் ஆற்றிய விரிவுரைகள், உற்பத்தியின்போதே புள்ளிவிபர முறையாற் குறைகளை ஒழிக்கும் வழியை அங்கு பரப்பின. இதன் விளைவாக, பிரித்தானியாவில் உரிமையாளரும் மெக்கானிக்கும் சுமந்த வேலையில் ஒரு பகுதியை யப்பானியத் தொழிற்சாலை தன்மேல் ஏற்றுக்கொண்டது. நம்பகம் கராஜிலிருந்து தொழிற்சாலைக்கு இடம்பெயர்ந்தது என இதனைச் சுருக்கிக் கூறலாம். பொதுமக்களுக்கு இதனால் விளைந்த நன்மையை மறுத்தல் பொருந்தாது.

இலங்கை அனுபவம்

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இற் பொருளாதாரக் கொள்கை மாறும்வரை நிலைமை பெரிதும் அவ்வாறே இருந்தது. எனவே அதற்குமுன் வந்த பிரித்தானிய வண்டிகள் தம் தாயகத்திற் கழிக்கப்பட்டபின்னும் இங்கு நெடுங்காலம் ஓடவேண்டியனவாயின. பிரித்தானியாவிற் புதிய பாகம் வாங்கி இடப்பட்டபோது இங்கு பழைய பாகம் ஒட்டவைத்து, கடைந்து, வேறு வண்டியின் பாகத்தோடு பொருத்தி இடப்பட்டது. உற்பத்தியாளன் கனவிலும் கருதாத இத்தகைய இணைப்புகள் எமது நாட்டுக் கடைசற் பட்டறைகளின் தனித்துவமான பங்களிப்பாகும். எஞ்சின் உழைத்தது என்று நாம் கூறும்போது, இறக்குமதித் தடையின் நிர்ப்பந்தத்தால் மனிதர் உழைத்ததையே எஞ்சினின்மேல் ஏற்றிக் கூறுகின்றோம்.

இதன் உச்சநிலையை 1990 களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காண்கின்றோம். 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குச் செல்லும் பொருட்கள்மீது தடை விதிக்கப்பட, பெற்றோல் பெறுதற்கரிய பொருளாயிற்று. அந்நிலையில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மக்கள் வழக்கில் ‘ஏ போட்டி’ எனப்பட்ட ஒஸ்ரின் ஏ 40 முதலிய பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. முடுக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் காபரேற்றரினுள் விடப்பட்டது. எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் அதனை இயக்கியது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவையும், இடம்பெயர்ந்தோரின் பொருட்களைச் சுமந்தவையும் இவ்வண்டிகளே.

இது எவ்வாறு இயல்வதாயிற்று? மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. கூடிய அமுக்கத்தையும் அது பொறாது. ‘பூல்’ பெற்றோலின் காலத்துக்கென வகுக்கப்பட்ட குறைந்த அமுக்கவிகிதம் இங்கு துணைபுரிந்தது. ‘ஏ’ வரிசை எஞ்சினில் உள்ளிழு குழாய் புகைக்குழாயோடு ஒட்டி அமைந்து அதன் வெப்பத்தைப் பெறுவதால், மண்ணெண்ணெய் ஆவியாவதும் எளிதாயிற்று. இது முற்றிலும் புதியதோர் உத்தியன்று. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் பேர்குசன் உழவியந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே ஆக்கப்பட்டது. தொழிற்சாலை அங்கு திட்டமிட்டுச் செய்ததை எமது மெக்கானிக்மார் கைவசமிருந்த எஞ்சினில் தாமே செய்தனர்.

ஆயின் இதற்கு விலை இருந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எண்ணெயைக் கரைக்கும். கரைந்த எண்ணெய் பேரிங்குகளைக் காக்காது. கரி விரைவிற் படிந்து பிளக்குகளை அடைக்கும். எண்ணெயும் உதிரிப்பாகமும் அரிதாயிருந்த காலத்தில், கைந்நூல் விதித்ததைவிட அடிக்கடி பராமரிப்பு வேண்டப்பட்டது. பொருள் இல்லாத இடத்தை உழைப்பு நிரப்பியது. இவ்வுழைப்பைப் பற்றி எழுதப்பட்ட ஆவணம் மிகச் சிலவே.

இதே 1990 களில் வேறொரு நிகழ்ச்சியும் இடம்பெற்றது. பழைய வண்டியைக் கழிப்பதிலும் பார்க்கப் புதுப்பித்து வைத்திருப்பதே சிக்கனமானது என வாதாடி, இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பித்து வந்த சாள்ஸ் வெயரின் தொடர்புடன், தென்னிலங்கையில் அவ்வண்டிக்கான உதிரிப்பாகங்கள் உற்பத்தி செய்யப்பட்டு பிரித்தானியாவுக்கு ஏற்றுமதியாயின. வண்டியை ஆக்கிய நாட்டில் மறைந்துபோன திறன், அதனை வாங்கிய நாட்டில் எஞ்சியிருந்தது.

ஈயமும் இறுதிக்கட்டமும்

பராமரிப்பின் வரலாற்றில் எரிபொருளின் மாற்றமும் ஒரு பகுதியாகும். அமெரிக்கரான தோமஸ் மிட்ஜ்லி 1921 இற் கண்டறிந்தபடி, ஈயச் சேர்மமொன்றைப் பெற்றோலிற் கலந்தால் உரிய நேரத்துக்கு முன் வெடித்தல் குறையும். இந்த ஈயம் வேறொரு பணியையும் மறைமுகமாக ஆற்றியது. ‘ஏ’ வரிசையில் வால்வு இருக்கை வார்ப்பிரும்புத் தலையிலேயே நேரடியாக வெட்டப்பட்டதாகும். ஈயத்தின் மெல்லிய படிவு அவ்விருக்கையைக் காத்தது. ஈயம் மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சாதலின் பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இலங்கையில் 2002 இலும் ஈயப் பெற்றோல் நீக்கப்பட்டது. 2021 இல் அல்ஜீரியா அதனைக் கைவிட்டதுடன் உலகெங்கும் அது வீதிவண்டிகளுக்கு விற்கப்படுவது முடிவுற்றது. ஈயமற்ற பெற்றோலிற் கடுமையாக ஓட்டப்படும் பழைய எஞ்சின்களில் வால்வு இருக்கை தேய்ந்து அமிழலாயிற்று. இதற்கும் பட்டறையிலேயே விடை கிடைத்தது: இருக்கையைக் குடைந்து வன்மையான உருக்கு வளையம் ஒன்றை அழுத்தினால் எஞ்சின் மேலும் உழைக்கும்.

1980 இல் மெட்ரோ வண்டிக்கென இவ்வெஞ்சின் திருத்தியமைக்கப்பட்டது. 1990 களில் மின்னணு எரிபொருட் செலுத்தல் அதிற் சேர்க்கப்பட்டது. 2000 ஒக்ரோபரில் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிற் பழைய மினியின் உற்பத்தி முடிவுற்றதுடன் அதன் வரலாறும் முடிவுற்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தோற்றுவாயில் எழுப்பிய வினாவுக்கு விடை தெளிவாகின்றது. முதலாவது பொருளில், அதாவது பழுதுறாமை என்ற பொருளில், பழைய சிறு எஞ்சின் இன்றைய எஞ்சினைவிட நம்பகமானதன்று. பொயின்ற் அற்ற தீமூட்டல், தானே இடைவெளியைத் திருத்திக்கொள்ளும் டப்பட், மேம்பட்ட எண்ணெய் ஆகியன மனித உழைப்பைப் பெரிதும் மிச்சப்படுத்தியுள்ளன. ஆயின் இரண்டாவது பொருளில், அதாவது மீட்கப்படும் இயல்பில், அது மேம்பட்டிருந்தது. எளிய கருவியும் அளவறிவும் உள்ள எவரும் அதனைத் திறக்கலாம், அறியலாம், மீட்கலாம். இன்றைய எஞ்சின் அரிதாகவே உடைகின்றது. உடைந்தால், கணினியும் நிறுவனத்தின் அனுமதியும் இன்றி அதனைத் திறப்பதே பல வேளைகளிற் கடினமாகின்றது. கடல் கடந்து பொருள் வரும்வரை இவ்வேறுபாடு புலப்படாது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 வரை அத்தடை நீடித்தமை, இவ்வினா கடந்தகாலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை நினைவூட்டும்.

தொழினுட்ப வரலாறு கண்டுபிடித்தோரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது என்றும், பயன்படுத்தியோர், பராமரித்தோர் ஆகியோரின் வரலாறு புறக்கணிக்கப்பட்டுள்ளது என்றும் பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜெர்ட்டன் வாதிட்டுள்ளார். இக்கருத்து கண்டுபிடிப்பின் மையங்களுக்கு வெளியேயுள்ள எம்போன்ற நாடுகளுக்குப் பெரிதும் பொருந்தும். இசிகோனிஸ், அப்பிள்பி, பெயர்ஹாம் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அவர்களது எஞ்சினை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டில் இயங்கவைத்தோரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. அவர்களது அறிவு எண்ணெய் படிந்த குறிப்புப் புத்தகங்களிலும், பற்றுச்சீட்டுகளிலும், உயிரோடிருப்போரின் நினைவிலுமே எஞ்சியுள்ளது. அவர்களுட் பலர் முதுமையடைந்துவிட்டனர். கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிச்செல்லும் எமது பல்கலைக்கழக வரலாற்று மாணவர், கராஜ் வாசலிலும் ஒருமுறை குறிப்பேட்டுடன் நிற்பாராயின், பின்வருவோர் எழுதவேண்டிய வரலாற்றுக்கு உரிய ஆதாரம் அழியாது காக்கப்படும்.